தூண்டில் கேள்வி பதில்: எந்த மீனுக்கு உயிர் இரை, எந்த மீனுக்கு லூர்?

கேள்வி: வெள்ளாற்று முகத்துவாரத்தில் லூர் (செயற்கை இரை) போட்டு வருகிறேன். பக்கத்தில் உயிர் இறால் போடுகிறவருக்குக் கொடுவா மாட்டுகிறது, எனக்கு ஒன்றும் கொத்துவதில்லை. எந்தெந்த மீனுக்கு உயிர் இரைதான் சரி?
*வாசகர், பரங்கிப்பேட்டை*

மீன் தன் இரையை எந்தப் புலனால் தேடுகிறது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. வஞ்சிரம், பாறை, ஊளி போன்றவை கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிப்பவை. பளபளப்பும் வேகமும் இருந்தால் தகடாக இருந்தாலும் பாய்ந்துவிடும். கிழங்கான், கெளுத்தி, விலாங்கு ஆகியவை மோப்பத்தாலும் தொடுதலாலும் தேடுபவை. இவற்றின் முன்னால் பிளாஸ்டிக் மீனை நாள் முழுக்க இழுத்தாலும் பயன் இல்லை. கொடுவா, விரால், கலவா மூன்றும் இடையில் நிற்பவை. பதுங்கிக் கிடந்து, இரை பக்கத்தில் வந்ததும் வாயைத் திறந்து உறிஞ்சும். இவற்றுக்கு லூரும் எடுபடும், உயிர் இரையும் எடுபடும். எது என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்யும்.

உங்கள் கொடுவா விஷயம் இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுவெள்ளம் இறங்கிக் கழிமுகம் செம்மண் நிறமாகும்போது கொடுவாவின் கண்ணுக்கு வேலை குறைவு. உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோட்டால் தண்ணீரின் அதிர்வை உணர்ந்துதான் இரையை அறிகிறது. ஒரே இடத்தில் நின்று துடிக்கும் இறால் அதற்கு அடையாளம் காட்டிக்கொண்டே இருக்கும். லூரோ இரண்டு நொடியில் கடந்து போய்விடும். தை பிறந்து தண்ணீர் தெளிந்ததும் அதே இடத்தில் லூர் நன்றாக வேலை செய்யும். ஆகவே லூரைத் தூக்கி எறிய வேண்டாம், பருவத்துக்கு மாற்றுங்கள்.

இரையின் அளவில் பலர் தேவையில்லாமல் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். கொடுவா தன் நீளத்தில் பாதிக்கு மேலான மீனையும் விழுங்கக்கூடியது. பண்ணைகளில் குஞ்சுகளை அடிக்கடி அளவு பிரித்து வளர்ப்பது இதனால்தான், இல்லையென்றால் பெரியது சிறியதைத் தின்றுவிடும். 3 அங்குல இறாலோ 4, 5 அங்குல மடவையோ அரைக் கிலோ கொடுவாவுக்குக்கூடப் பெரிதல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொடுவா இளமையில் ஆண், வளர்ந்து பெரிதான பிறகு பெண்ணாக மாறும். மிகப் பெரிய கொடுவா கிடைத்தால் அது பெரும்பாலும் முட்டையிடும் பெண். படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள் என்று வற்புறுத்தியே கேட்கிறோம்.

கேள்வி: இறாலை உயிரோடு வாங்கி வந்தாலும் ஒரு மணி நேரத்தில் பாதி செத்துவிடுகிறது. வாளியில் தண்ணீர் நிறையத்தான் வைக்கிறேன். என்ன தவறு?
*வாசகர், பழவேற்காடு*

தண்ணீர் நிறைய இருந்தால் போதாது, அதில் கரைந்த ஆக்சிஜன் வேண்டும். தண்ணீர் சூடாக ஆக ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். உப்புத் தண்ணீரில் அதைவிடக் குறைவு. அதே சூட்டில் இறாலின் மூச்சுத் தேவை கூடுகிறது. வெயிலில் வைத்த வாளியில் இந்த இரண்டும் சேர்ந்து கொன்றுவிடும்.

20 லிட்டர் வாளிக்கு 2, 3 அங்குல இறால் 20 போதும். மீனாக இருந்தால் பத்துக்கு மேல் வேண்டாம். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப்பும் காற்றுக்கல்லும் கட்டாயம், மாற்றுப் பேட்டரி பையில் இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, இரை பிடிபட்ட அதே தண்ணீரை ஊற்றுங்கள். குளிர வைக்க ஐஸ்கட்டியை நேரே போடக்கூடாது. உருகும் நன்னீர் உப்பைக் குறைத்து இறாலைச் சாகடிக்கும். பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, மூடியை இறுக்கி, மிதக்க விடுங்கள். சட்டென்று குளிர்ந்தாலும் ஆபத்துதான், ஆகவே ஒரு பாட்டிலோடு நிறுத்துங்கள்.

குறைந்த நேரத்துக்கு என்றால் தண்ணீரே தேவையில்லை. தெர்மோகோல் பெட்டியின் அடியில் உறைந்த பாட்டில், அதன்மேல் கடல் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த நாளிதழ், அதன்மேல் ஒரே அடுக்காக இறால், மறுபடி ஈர நாளிதழ். செவுள் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும்வரை இறால் தாக்குப்பிடிக்கும். சூடான கலங்கல் வாளியைவிட இதில் அதிக நேரம் வாழும்.

வாங்கும்போதே பாருங்கள். உடல் கண்ணாடிபோல ஊடுருவித் தெரிந்தால் நல்ல இறால். வால்பக்கச் சதை வெள்ளையாக மாறியிருந்தால் அது களைத்துப்போனது, எப்படி வைத்தாலும் பிழைக்காது. செத்ததை உடனுக்குடன் எடுத்துவிடுங்கள், ஒன்று அழுகினால் வாளியே கெடும். கொசுவிரட்டி, சன்ஸ்கிரீன் தடவிய கையை வாளிக்குள் விடாதீர்கள், சிறு வலைக்கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். நன்னீர் இரைமீனுக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதானால், குளோரின் போக ஒருநாள் முழுக்கத் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

கேள்வி: இரையை முள்ளில் எங்கே குத்துவது? முள்ளின் நம்பரும் குழப்பமாக இருக்கிறது.
*வாசகி, கடலூர்*

இறாலைத் தலையில் குத்துவதானால் கண்ணுக்குப் பின்னால் உள்ளே தெரியும் கரும்பொட்டைக் கவனியுங்கள். உயிர்நாடியான உறுப்புகள் அங்கே இருக்கின்றன. முள் அதைத் தொட்டால் இறால் அப்போதே முடிந்தது. கரும்பொட்டுக்கு முன்னால், தலைக்கொம்பின் அடியில், பக்கவாட்டில் நுழைத்து மறுபக்கம் எடுங்கள். தக்கை போட்டு ஓட்டத்தில் விடுவதற்கு இதுவே சிறந்த முறை. தூரமாக வீச வேண்டுமென்றால் தலையில் குத்தியது பிய்ந்து போகும். அப்போது வால் விசிறியைக் கிள்ளிவிட்டு, கடைசிக் கணுவுக்கு முந்திய கணுவில் குத்துங்கள். கிள்ளிய இடத்திலிருந்து மணமும் பரவும். இறால் பயந்தால் பின்னோக்கித்தான் துள்ளும், ஆகவே வால்பக்கமாக இழுபடுவது மீனுக்கு இயல்பாகவே தெரியும்.

மீன் இரைக்கு இரண்டு இடம். ஓட்டம் இருக்கும் இடத்தில் கீழுதட்டிலிருந்து மேலுதடு வழியாகக் குத்தினால் இரை ஓட்டத்தை எதிர்கொண்டு நீந்தும். நின்ற தண்ணீரில் தக்கைக்குக் கீழே விடுவதானால் முதுகுத் துடுப்புக்குச் சற்று முன், தோலுக்குக் கீழே மேலாகக் குத்துங்கள். தண்டுவடத்தில் பட்டால் இரை முடங்கிவிடும். முதுகில் குத்தியதை வேகமான ஓட்டத்தில் விட்டால் சுழன்று சுழன்று மூச்சடைத்துச் சாகும். உங்கள் நரம்பும் (தூண்டில் இழை) முறுக்கிக்கொள்ளும்.

முள் நம்பர்: சாதாரண எண்களில் எண் ஏற ஏற முள் சிறிது. 10-ஆம் நம்பரைவிட 8 பெரிது, 8-ஐவிட 1 பெரிது. அதற்குமேல் 1/0, 2/0, 3/0 என்று போகும்போது எண் ஏற ஏற முள்ளும் பெரிதாகும். 3 அங்குல இறாலுக்கு 1/0 அல்லது 2/0. கைநீள மடவைக்கு 4/0-க்கு மேலும் போகலாம், 4 அங்குலத்துக்கு 3/0 போதும். கம்பி மெல்லியதாக இருக்கட்டும். தடித்த கம்பி இரையின் எடையைக் கூட்டி அதைச் சீக்கிரம் களைக்க வைக்கும்.

கேள்வி: கிழங்கானுக்குச் சிறிய லூர் விற்கிறார்கள். வாங்கலாமா?
*வாசகர், தூத்துக்குடி*

வாங்க வேண்டாம். கிழங்கான் மணலில் மூக்கை விட்டுத் துழாவிப் புழுவும் சிறு இறாலும் தின்னும் மீன். வாய் சிறியது, முன்னால் குழாய்போல நீளும். அதற்கு உயிருள்ள சேற்றுப் புழுவுக்கு இணையாக எதுவும் இல்லை.

8 அல்லது 10-ஆம் நம்பர் நீளக்கால் (தண்டு நீண்ட) முள்ளில் புழுவைக் காலுறை மாட்டுவதுபோல ஏற்றி, நுனியில் ஒன்றரை சென்டிமீட்டர் தொங்க விடுங்கள். அதற்குமேல் தொங்கினால் நுனியை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும். நரம்பில் ஓடும் ஈயக்குண்டு, அடுத்து ஒரு சிறு பாசிமணி, சுவிவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பு), அதன்பின் 50 சென்டிமீட்டர் மெல்லிய நரம்பு, முள். ஈயம் அலையில் மெல்ல உருளும் எடையாக இருக்க வேண்டும். ஒரே இடத்தில் புதைந்து கிடந்தால் இரையை நண்டுதான் தின்னும். கொத்து இரண்டு சிறு தட்டலாக வரும். முதல் தட்டலில் வெட்டி (சட்டென்று சுண்டி) இழுக்காதீர்கள். நரம்பைத் தளரவிடாமல் மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தால் அடுத்த தட்டலில் தானாக மாட்டும்.

புழுவை நன்னீரில் கழுவினால் உடல் ஊதிச் செத்துவிடும். கடல் தண்ணீரில் நனைத்த நாளிதழில் பரப்பி நிழலில் வையுங்கள். மண்வெட்டியில் அறுபட்டதைத் தனியே வையுங்கள், அது மற்றவற்றையும் அழுக வைக்கும். புழு கிடைக்காத நாளில் தோல் உரித்த சிறு இறால் அல்லது மெல்லிய கணவாய்த் துண்டு ஓரளவு உதவும். உங்கள் பக்கம் மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா இருக்கிறது. 1986-இல் அறிவிக்கப்பட்ட அந்த 21 தீவுப் பகுதியில் புழு தோண்டவும் தூண்டில் போடவும் போகக்கூடாது.

கேள்வி: வஞ்சிரத்துக்கு உயிர் இரை அவசியமா?
*வாசகர், காசிமேடு*

அவசியம் இல்லை. ஓடும் படகின் பின்னால் இழுக்கும் லூருக்கே நன்றாக ஏறும். நரம்பை அறுக்கும் பல் அதற்கு, முள்ளுக்கு முன் ஓரடி இரும்புக் கம்பி போட மறக்காதீர்கள்.

கேள்வி: ஏரியில் விரால் பிடிக்கத் தவளையைக் கட்டிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். அதைவிட நல்ல உயிர் இரை உண்டா?
*வாசகர், விழுப்புரம் மாவட்டம்*

தவளையை விட்டுவிடுங்கள். வயல்களில் காணும் பெரிய தவளை 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. தவளைக்கால் ஏற்றுமதியை 1987-இல் இந்தியா தடை செய்ததற்குக் காரணம், பூச்சிகளைத் தின்னும் தவளைகள் வயல்களில் அருகிப் போனதுதான். விரால் விஷயத்தில் அதற்குத் தேவையும் இல்லை. ரப்பர் தவளை லூர் ஆம்பல் இலைமேல் தாவி வரும்போது உயிர்த் தவளைக்குச் சற்றும் குறையாமல் விரால் பாயும். செடி அடர்ந்த இடத்தில் லூர்தான் மேல் என்றே சொல்வோம். அதன் முள் உடலோடு ஒட்டியிருப்பதால் கொடியில் சிக்காது.

உயிர் இரை கைகொடுப்பது வேறு இடத்தில். மதகடி, பாலத்தடி, கரையோரக் குழி என்று திறந்த ஆழத்தில் விரால் மந்தமாகக் கிடக்கும்போது, அதே ஏரியில் பிடித்த 3 அங்குலக் கெண்டையையோ அயிரையையோ தக்கைக்கு இரண்டடிக் கீழே விடுங்கள். முதுகில் குத்திய இரை, 1/0 அல்லது 2/0 முள், 20 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு. தக்கை அமிழ்ந்ததும் இழுத்தால் வாயிலிருந்து உருவிக்கொண்டு வரும். விரால் முதலில் குறுக்கே கவ்வும், சற்றுத் தள்ளிப் போய்த் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கும். நான்கைந்து நொடி நரம்பைத் தளர விட்டு, அது ஒரே திசையில் நகரத் தொடங்கியதும் வெட்டி இழுங்கள்.

தண்ணீரின் மேல்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் கொப்பளித்துக்கொண்டு நகர்ந்தால் அடியில் தாயும் தந்தையும் காவல் இருக்கும். காவலில் இருக்கும் விரால் பசியில்லாமலும் எதையும் தாக்கும். அதனால்தான் அப்போது பிடிப்பது மிக எளிது, அப்போதுதான் பிடிக்கக் கூடாது. பெற்றோர் போனால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. ஏரி குத்தகையில் இருந்தால் குத்தகைதாரரிடமும், அணைக்கட்டாக இருந்தால் மீன்வளத் துறையினரிடமும் கேட்டுக்கொண்டே தூண்டில் போடுங்கள்.

கேள்வி: மீதி இரைமீனை வேறு ஏரியில் விட்டால் பிழைத்துக்கொள்ளுமே, விடலாமா?
*வாசகி, சேலம்*

விடவே கூடாது. ஜிலேபிக் கெண்டை 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது புகாத குளத்தைத் தேட வேண்டியிருக்கிறது. வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியின் குஞ்சும் இரை வாளி வழியாக ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். அது போன இடத்தில் நாட்டு மீன் மிஞ்சாது. மீன் மட்டுமல்ல, வாளித் தண்ணீரில் நோய்க்கிருமியும் போகும். எந்தத் தண்ணீரில் பிடித்தீர்களோ அங்கேயே இரையாக்குங்கள். மீந்ததைச் சமைத்துவிடுங்கள், தண்ணீரைத் தரையில் கொட்டுங்கள்.

கேள்வி: இரவில் காவிரிக் கரையில் கெளுத்திக்கும் விலாங்குக்கும் என்ன இரை? கெளுத்தி முள் குத்தினால் என்ன செய்வது?
*வாசகர், திருச்சி மாவட்டம்*

மண்புழுக் கொத்துதான். கெளுத்தி மீசையால் மட்டுமல்ல, தோலாலும் சுவை அறியும். நான்கைந்து புழுவை நடுவில் குத்திக் கொத்தாக்கினால் ஒவ்வொரு நுனியும் நெளிந்து மணத்தைப் பரப்பும். பொழுது சாய்ந்த பின் இரையை ஆற்றின் அடித்தரையில் கிடத்துங்கள். தக்கை வேண்டாம். விலாங்கு மாட்டியதும் கல் இடுக்கில் வாலைச் சுற்றிக்கொள்ளும், நிதானம் காட்டாமல் தரையிலிருந்து தூக்கிவிட வேண்டும். வழுக்கும் உடலைக் காய்ந்த சாக்கால் பிடியுங்கள். விலாங்கு வாழ்நாளில் ஒரேமுறை கடலுக்கு இறங்கி முட்டையிட்டு இறந்துபோகும் மீன். நல்ல பருமனானதைக் கொன்றால் அந்தப் பயணமே நடக்காது.

முள் குத்திய இடத்தில் ஐஸ் வைக்காதீர்கள். கெளுத்தி முள்ளின் நஞ்சு சூட்டில் செயலிழப்பது. ஒடிந்த முள் தெரிந்தால் எடுத்துவிட்டுக் கழுவி, சுமார் 45 டிகிரி வெந்நீரில் கையை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரை அமிழ்த்துங்கள். குத்துப்பட்ட கை வலியில் சூடு உணராது, நல்ல கையால் சூடு பார்த்த பிறகே அமிழ்த்துங்கள். ஆறினால் மாற்றுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஆழமாகக் குத்தியிருந்தாலோ, மூட்டருகில் குத்தியிருந்தாலோ, குத்தியது தேளி மீனாக இருந்தாலோ நேரே மருத்துவமனை.

கேள்வி: உயிர் இரை போட்டால் மீன் முள்ளை வயிறுவரை விழுங்கிவிடுகிறது. சிறிய மீனைத் திருப்பி விட முடிவதில்லை.
*வாசகர், புதுச்சேரி*

லூரைவிட உயிர் இரைக்கு உள்ள பெருங்குறை இதுதான். சர்க்கிள் முள்ளுக்கு மாறுங்கள். அதன் நுனி கால்பக்கம் வளைந்திருப்பதால் தொண்டையில் பற்றாமல் வெளியே வழுக்கி வந்து, மீன் திரும்பும்போது வாயோரத்தில் மாட்டும். இதற்கு ஒரு பழக்கத்தை விட வேண்டும்: வெட்டி இழுக்கவே கூடாது. வெட்டினால் முள் வாயிலிருந்து உருவி வந்துவிடும். ராடு (தூண்டில் கோல்) வளைந்து எடை தெரிந்ததும் ஒரே சீராகச் சுற்றுங்கள். இரையை மேலோட்டமாகக் குத்துங்கள். நுனிக்கும் காலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை இரைச்சதை அடைத்துக்கொண்டால் எந்தச் சர்க்கிள் முள்ளும் மாட்டாது. முறுக்கிய சர்க்கிள் முள்ளும் விற்கிறார்கள். தரையில் வைத்தால் படுக்கையாகக் கிடப்பதைத் தேர்ந்தெடுங்கள். மீறி விழுங்கிவிட்டால் பிடுங்காமல் வாயருகே நரம்பை வெட்டி விடுங்கள், பிடுங்கிய மீனைவிட அது பிழைக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: பாறைப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) கலவா இரையைக் கவ்வியதும் இடுக்குக்குள் போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் நரம்பு அறுகிறது.
*வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்*

கலவா தன் பொந்திலிருந்து வெகுதூரம் வராது. கவ்வியதும் திரும்பிப் பொந்துக்கே ஓடும். முதல் இரண்டு மூன்று நொடிதான் உங்களுடையது. இரையைத் தரையில் போடாமல் பாருக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்தில் தொங்க விடுங்கள், வெளியே வந்து எடுக்கட்டும். ரீலின் டிராக்கை (நரம்பு எளிதில் ஓடாமல் பிடிக்கும் தடை) முன்பே இறுக்கி, 50 பவுண்டு லீடர் (முள்ளுக்கு முன் கட்டும் தடித்த நரம்பு) போட்டு, எடை தெரிந்த நொடியில் ராடை உயர்த்தி இரண்டு மூன்று மீட்டர் தூக்கிவிடுங்கள்.

புகுந்துவிட்டால் இழுபறி வேண்டாம். அது செவுளை விரித்து உள்ளே இறுக்கிக்கொள்ளும், நரம்பு பாறையில் தேய்ந்து அறும். நரம்பை முழுக்கத் தளர்த்திவிட்டு ஐந்து நிமிடமாவது காத்திருங்கள். இழுவை நின்றதும் பல நேரம் தானாகவே வெளியே வரும். நரம்பு நகர்வது தெரிந்ததும் ஒரே மூச்சில் தூக்குங்கள்.